வி.ஆர். கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். திங்கட்கிழமை ஆனால் பிள்ளைகளின் விரலை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பேன். அழுக்கு இருந்தால் போச்சு, வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

பள்ளிக்கு ஒரே ஒரு வி.ஆர். கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டால் கூம்பும் உருளையும் கண்ணெதிரே நிற்கும், உள்ளேயே நுழைந்து பார்க்கலாம். ஆனால் அதிகாரி வந்து பார்ப்பார். பாடம் ஒழுங்காக நடந்தால்தான் எங்களுக்கு, சொதப்பினால் நல்லம்பள்ளிப் பக்கம் வேறொரு பள்ளிக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை நிம்மதியாகச் சாப்பிடவே விடவில்லை. "எப்படியாச்சும் புடிச்சு வெச்சிருங்க டீச்சர்!"

விடுவேனா? வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைப் போடாத ஆள் நான். அதிகாரி வரும் நாள் காலையில் கண்ணாடியை எடுத்தேன். முன்புறம் நான்கு மூலையிலும் கறுப்பாக நான்கு வட்டம். அடடா, என்ன சமச்சீர்! கணக்கு டீச்சர் அல்லவா, மனசு குளிர்ந்துவிட்டது. சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் தொட்டு, நான்கிலும் அழகாக வைத்தேன்.

அந்த நான்கும் கேமரா. அவற்றால் அறையைப் பார்த்துத்தான் கண்ணாடி வேலை செய்யும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். நான் அப்போது பக்கத்து டீச்சரிடம் புடவை விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிகாரி முன்னால் கம்பீரமாக மாட்டினேன். கூம்பைக் காணோம். ஒரே சாம்பல் நிறம். கையை வீசினேன், குனிந்தேன், கடைசியில் கரும்பலகையில் போய் நங்கென்று முட்டினேன். பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கண்ணாடி போய்விடும் என்ற பயம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க இதுக்குப் பொட்டு வெச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே எழுந்து நின்றது. "நாங்கதாங்க சார்!"

அவர் என் வலது கையைப் பார்த்தார். மோதிர விரல் நுனி செக்கச்செவேல் என்று இருந்தது.

கைக்குட்டையால் பொட்டைத் துடைத்து, முன்பெஞ்சுப் பெண்ணுக்கு மாட்டிவிட்டார். "ஐயோ டீச்சர், கூம்புக்குள்ள நிக்கிறனுங்க!" என்று அவள் கத்தியது ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்டிருக்கும்.

"இங்கயே இருக்கட்டுங்க," என்றார் அதிகாரி. "இதை வெக்கிற பீரோ சாவி மட்டும் புள்ளைங்ககிட்ட இருக்கட்டும்."

இப்போதும் திங்கட்கிழமை நகம் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் நான் விரலை நீட்ட வேண்டும். பத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரிங்க டீச்சர், சுத்தமா இருக்குது" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பீரோ திறக்கிறது.