யோகலட்சுமிக்குக் கிடைத்த மூன்று வரி

மூன்று வருஷமாக யோகலட்சுமி ஒரு பணக்கார வீட்டில் காபி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வீடு, சீரியல் வீடு. டம்ளரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. திருத்தணியில் காலை ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், தட்டோடு உள்ளே வந்து தட்டோடு வெளியே போய்விட வேண்டும். அந்த வீட்டில் நடக்காத அநியாயமில்லை. கொலையே இரண்டு ஆயிற்று. அவள் மட்டும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"எப்பக்கா நீ பேசுவ?" என்பாள் பக்கத்து வீட்டு வள்ளிநாயகி.

"நான் வாயத் தொறந்தா கதையே முடிஞ்சிடும்டி" என்று சிரித்து மழுப்புவாள். ஆனால் உள்ளுக்குள் ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. ஒரே ஒரு வரி பேச வேண்டும், அதைப் பங்காரு பார்க்க வேண்டும்.

பங்காரு அவள் கணவன், மாமன் மகன்; அவள் கூப்பிடுவது 'பாவா' என்று. கே.ஜி.கண்டிகைக்கும் ஸ்டேஷனுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவன். திரையில் மனைவி வரும் அரை நிமிஷத்துக்காகச் சவாரியையே விட்டுவிட்டு வந்துவிடுவான், அப்படி ஓர் அசடு. போன மாதம் அவனுக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைத்து வந்தால் முடி இறக்குவதாக அவள் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அவன் தானாக எழுந்து நடந்த வாரமே மலைக்குப் போய், இடுப்பு வரை தொங்கிய முடியைக் கொடுத்துவிட்டு வந்தாள். திருத்தணியில் மொட்டையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கடைத்தெரு முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்தான். அவளுக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

மறுநாள் ஆள் அனுப்பும் ஏஜென்ட் பச்சையப்பன் போன் செய்தார். "யோகம்மா, புதன்கிழமை உனக்கு டயலாக்! மூணு வரி. சீரியல்ல ஆஸ்பத்திரிலேர்ந்து அந்த வீட்டு சின்னம்மா திரும்பி வர்றாங்க, நீ வாசல்ல நின்னு வரவேற்கற."

சந்தோஷத்தில் தலையில் கைவைத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாகத் திரையில் அவளுக்குக் கொண்டை.

"என்னாலதான் உன் டயலாக் பூடுச்சி" என்று பங்காரு நொந்துகொண்டான். "விக்கு கேட்டுப் பாரேன்."

"காபித் தட்டு தூக்கறவளுக்கு விக்கு வேற குடுப்பாங்களா? நீ எழுந்து உக்காந்துகினு இருக்கியே பாவா, அது போதும்." போதும் என்றாளே தவிர, அந்த மூன்று வரியை அன்றைக்கே மனப்பாடம் செய்துவிட்டாள்.

புதன்கிழமை முக்காட்டோடு போனாள். விஷயம் தெரிந்ததும் உதவி இயக்குநர் தாம்தூம் என்று குதித்தார். சத்தம் கேட்டு இயக்குநர் வந்து பார்த்தார்.

"யாருக்காகம்மா வேண்டுதல்?"

"வூட்டுக்காரருக்கு சார்."

இயக்குநர் வசனத் தாளைக் கையில் வாங்கினார். "கதையில இது சின்னம்மாவுக்காக வேண்டிக்கிட்டதா இருக்கட்டும். முக்காட்டை எடுத்துட்டு நில்லுங்க. வேண்டிக்கிட்ட நேரத்தை மட்டும் நினைச்சுக்குங்க. வசனம் வேண்டாம்." மூன்று வரியையும் பேனாவால் அடித்துவிட்டார். திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் நன்றாக அழுதாள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மாலை, வீட்டில் உட்கார இடமில்லை. திரையில் கார் கதவு திறந்தது. வாசலில் யோகலட்சுமி. கேமரா அவள் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. கண் அசையவில்லை. உதடு மட்டும் யாரையோ கெஞ்சுவது போலத் துடித்தது.

"இப்பவும் பேசலியேக்கா!" என்றாள் வள்ளிநாயகி. எல்லோரும் சிரித்தார்கள்.

பங்காரு சிரிக்கவில்லை. விளம்பரம் வந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் அவனுக்கு நினைவில்லை. வெளியே என்ன நடந்தது என்று அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு, நான் உள்ள இருந்தப்ப, வெளிய நீ இப்படித்தான் நின்னுகினு இருந்தியா?"

"ஆங், பாவா" என்றாள் யோகலட்சுமி.