முதலாளியின் மோட்டார் சைக்கிளும் என் லீவும்

ஆம்பூரில் எங்கள் முதலாளி மோட்டார் சைக்கிள் வாங்கிய வருஷம்தான் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. இரண்டில் எதை முதலில் கையால் தொட்டாய் என்று யாராவது கேட்டால் வெட்கக்கேடு. மோட்டார் சைக்கிளைத்தான்.

முதலாளிக்குத் தோல் பதனிடும் ஷெட்டு. எனக்கு அதில் குமாஸ்தா உத்தியோகம். மனைவி பிரசவத்துக்காகக் கணியம்பாடியில் தாய்வீட்டில் இருந்தாள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே என் மைத்துனன் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்து, பெண் பிறந்திருக்கிறாள் என்று சொன்னான். நான் கற்கண்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் ஒரு பெரிய கட்டியாகப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம். குழந்தையைப் பாக்கத்தான் வேணும். வண்டி மட்டும் காலையில ஒழுங்கா கிளம்பட்டும், அப்புறம் லீவு எடுத்துக்கினு தாராளமா போய்ட்டு வா."

வண்டிக்கும் என் மகளுக்கும் என்னய்யா சம்பந்தம்? இருந்தது. அந்தச் சனியன் காலைக் குளிரில் உதைத்தால் கிளம்பாது. தெரு நீளத்துக்குத் தள்ளினால்தான் இருமும், துப்பும், பிறகு போனால் போகிறதென்று ஓடும். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஆட்களின் கை பட்டால் வண்டியின் மெருகு போய்விடுமாம். பேனா பிடித்த கைதான் சுத்தமான கையாம். ஆகவே தள்ளுகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமையாவது விடுவாரா என்றால், அன்றுதான் அவர் பச்சைத்தோல் வாங்கச் சந்தைக்குப் போவார்.

ஊரே அந்தக் காட்சியைப் பார்க்கும். மேலே அவர், சரிகைத் தலைப்பாகையோடு. பின்னால் நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்குத் தள்ள. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவருக்குச் சலாம் வைப்பார்கள். தள்ளுகிறவனுக்கு எந்த ஊரில் சலாம்? வண்டி கிளம்பியதும் என் முகத்தில் ஒரு வாய்ப் புகையைத் துப்பிவிட்டுப் போகும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஷெட்டில் ஆளாளுக்கு வைத்தியர்தான். பிளக்கில் ஈரம் என்றார் ஒருவர். அதைக் கழற்றிக் கரியடுப்பில் வாட்டினோம். பெட்ரோல் கம்மியாக வருகிறது என்றார் இன்னொருவர். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி, பெட்ரோல் வழியும்வரை அதன் முள்ளை அமுக்கிப் பார்த்தோம். கணக்குப்பிள்ளை மட்டும், "எல்லாம் கண்ணு பட்டதுதான். இவ்ளோ பகட்டா வெச்சா ஊரு கண்ணு சும்மா இருக்குமா?" என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டினார். பிறகு, குளிர்தானே காரணம், போர்த்தினால் சரியாகும் என்று முதலாளியே கண்டுபிடித்து, தன் சொந்தக் கம்பளியைக் கொடுத்தார். என் வீட்டில் எனக்குக் கிழிந்த ஜமுக்காளம். வண்டிக்குப் பெங்களூர்க் கம்பளி! அப்படியும் காலையில் அசையவில்லை. உச்சிவெயிலில் மட்டும் ஒரே உதையில் கிளம்பிச் சிரித்தது.

கார்த்திகையும் போயிற்று. அங்கே என் மகளுக்குப் பெயர் வைத்து, தொட்டிலும் போட்டுவிட்டார்கள். என்ன பெயர் என்பதே மைத்துனன் மறுபடி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மாமா, அக்கா தினமும் வாசலையே பாத்துக்கினு கீது" என்றும் அவன் சொன்னான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டியை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வெயிலில் ஓடுகிறது, குளிரில் மறுக்கிறது. அப்படியானால் வெயிலில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் இருக்கிற பொருள் உள்ளே எது? சீட்டுக்கு அடியில், எஞ்ஜினுக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிற டப்பாவைத் திறந்து விரலை விட்டேன். கூழாக உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். அடப்பாவி! இரண்டு மாதமாகத் தள்ளித் தள்ளி என் மூக்கில் ஏறியிருந்த வாசனை இதுதான். நாங்கள் தோலுக்குத் தடவுகிற புங்க எண்ணெய்.

"மொதலாளி, இதுல இன்னா எண்ணெய் ஊத்தியிருக்கீங்க?"

"நம்ம எண்ணெய்தான். ஏன்?"

"வண்டியோட ஒரு சீமை எண்ணெய் டின்னு வந்துதே?"

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த டின், முத்திரை உடையாமல், கண்ணாடி அலமாரியில் வெள்ளிப் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார்.

"அதைப் போயி யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல ஊத்தச் சொல்றியா? நம்ம புங்க எண்ணெய் குடிச்ச தோலு லண்டனுக்குப் போவுது. இதுவரிக்கும் ஒரு குத்தம் வந்துருக்கா? இந்த வண்டியும் அந்த ஊர்லருந்துதானே வந்துது? அதுக்கு மட்டும் ஒத்துக்காதா?"

எண்ணெயை மாற்றச் சொன்னால் அவருடைய தோலையே பழித்ததாகிவிடும். ஆகவே அவர் வழிக்கே போனேன். மார்கழியில் தோலுக்கு எண்ணெய் போடும்போது சட்டியில் லேசாகக் காய்ச்சித்தான் போடுவோம், இல்லாவிட்டால் தோல் குடிக்காது. "தோலுக்குச் செய்யற பக்குவத்தை வண்டிக்கும் செஞ்சா இன்னா மொதலாளி?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எல்லாம் நம்ம தொழில்லயே இருக்குது!"

டப்பாவில் இருந்ததை வடித்து, கரியடுப்பில் வெதுவெதுப்பாகக் காய்ச்சி, மறுபடி ஊற்றினேன். முதலாளி உதைத்தார். ஒரே உதை! ஷெட்டு முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்போ நான் இன்னிக்கே கிளம்பறேன் மொதலாளி. வண்டிதான் கிளம்பிடுச்சே."

"எங்க?"

"லீவு மொதலாளி. கணியம்பாடிக்கு."

"நல்லா சொன்னே போ! நீ போய்ட்டா காலையில யாரு எண்ணெய் காய்ச்சறது? பக்குவம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தானே!"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "வண்டி கிளம்பலன்னாலும் லீவு இல்ல, கிளம்பனாலும் லீவு இல்லியா? பெத்த பொண்ணு மூஞ்சி கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. நீங்களே காய்ச்சிக்குங்க, நீங்களே தள்ளிக்குங்க!" என்று சட்டியைத் தரையில் வைத்தேன். கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ உருகிப்போனார். "அடடா, இன்னும் பாக்கவே இல்லியா? வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? லீவு எதுக்கு? நாளைக்கு நானே உன்னை வண்டியில இட்டுனு போறேன். எனக்கும் வேலூர்ல, லாங் பஜார்ல, நாலு பேருகிட்ட வண்டியைக் காட்டணும்."

கருக்கலில் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் கிளம்பினோம். பின்னால் கேரியரில் நான், குழந்தைக்கு வாங்கிய சட்டையை மடியில் செருகிக்கொண்டு. குளிரில் பல் தந்தியடித்தது. மனசு மட்டும் பறந்தது. பனி விலகுமுன் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றோம். தெருவே கூடிவிட்டது. மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மாமியார் காப்பியோடு வந்தார். எல்லாம் முதலாளிக்கு. அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை, எஞ்ஜினையும் நிறுத்தவில்லை.

"நிறுத்தனா இந்தப் பனியில எண்ணெய் மறுபடியும் உறைஞ்சுடும், கிளம்பாது. இங்க அடுப்பு, சட்டின்னு எங்க தேடறது? சட்டுன்னு பாத்துட்டு வந்துடு, அப்படியே வேலூருக்குத் திரும்பிடலாம்."

இரண்டு மாதம் காத்திருந்தவனுக்கு அவர் கொடுத்தது அவ்வளவுதான். உள்ளே ஓடினேன். மனைவி குழந்தையை ஏந்திக்கொண்டு நடையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "உக்காரக்கூட நேரமில்லியா?" என்றுதான். கையில் வாங்கினேன். சிவப்புதான். வெளியே எஞ்ஜின் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. நான் ஏதோ கொஞ்சினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அதன் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

முதலாளி ஹாரனை அமுக்கினார். அமுக்கிய கையோடு எஞ்ஜின் இரண்டு முறை விக்கியது, நின்றது.

வீடு நிசப்தமாயிற்று. குழந்தை அழுகையை நிறுத்தியது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தது. நான் சுவரோரமாக உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெருமூச்சு. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

மாமியார் பதறிக்கொண்டு வந்தார். "மாப்ளே, ஐயா கூப்புட்றாரு. வண்டி நின்னுபோச்சாம், தள்ளணுமாம்."

"கூப்புடட்டும் அத்தே. ரெண்டு மாசமா நான் லீவு கேட்டது அவரு காதுல ஏறிச்சா?"

"கத்தறாரே மாப்ளே!"

குனிந்து பார்த்தேன். என் மடியில் குழந்தைக்குத் தூக்கத்தில் கண் செருகியிருந்தது.

"குழந்தை தூங்குது. சத்தம் போட வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றேன்.