ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டு மாடிக் கம்பம்

கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை யாரோ சுவரில் தட்டுவது எனக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துவிட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல்...

புதன் மாலை கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் பால் பாக்கெட்டும் கிடப்பதைப் பார்த்தேன். ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் பக்கம் மூன்று தறி. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற பிள்ளையார்பாளையத்தில் தட்டுகிற சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அது தறிச் சத்தம்தான் என்று நினைத்தேன். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சாமா?" என்று போலீஸ்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு "இல்லீங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சிஸ்டர் நர்ஸாக இருந்தவர். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் கையால் ஊசி. ரிட்டயர் ஆன பிறகு பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஹாம் ரேடியோவில் இறங்கினார். வீட்டில் ஒரு சின்ன வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு எந்தெந்த ஊர்க்காரர்களோடோ பேசுவது. அதற்காக மாடியில் நாற்பதடி உயர இரும்புக் கம்பம் ஒன்று நட்டார்.

முதலில் எல்லாம் கேலியாகத்தான் இருந்தது.

"இன்னா சிஸ்டர், மாடில ஏரோப்ளேன் எறங்குதா?" என்பார் எதிர்வீட்டுக் குமரேசன் மாமா.

"எறங்குனா ஜன்னல் சீட்டு உனக்குத்தாம்பா."

மழைக்காலத்தில் பின்தெருத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் தெருவே கூடியது.

"ஊடு பூரா சரிகை வெச்சிக்கினு இருக்கிறோம்," என்றார் குமரேசன் மாமா. "சரிகை இன்னா? வெள்ளி. உன் கம்பி பாட்டுக்கு இடியக் கூப்ட்டுக்கினு வந்து என் தறில உட்டுச்சுன்னா?"

இந்தப் பயம் வேறு எந்த ஊரிலும் வந்திருக்காது. ஆனால் மண்டபத்தில் எல்லாத் தலையும் ஆடியது.

"கம்பிக்கு எர்த் குடுத்திருக்கேம்பா," என்றார் சிஸ்டர். "இடி வந்தாலும் நேரா மண்ணுக்குத்தான் போகும். உன் சரிகையத் தேடிக்கிட்டு வராது."

"அப்டீன்னா உங்க பக்கமா போயி நட்டுக்கோங்களேன்." பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறவர். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கம்பத்தை எடுக்கச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதுவது என்று முடிவானது. "எம்.ஏ. படிச்சிருக்கிற, நீ எழுதுமா" என்றார்கள்.

சரிகையைத் தேடி இடி வராது என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூ வரை பிசிக்ஸ் படித்தவள். இருந்தும் எழுதினேன். யாரும் கேட்காமலே கதிர்வீச்சு, கர்ப்பிணிகள் என்று இரண்டு வரி சேர்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்தது. அதற்காகத்தான் சேர்த்தேன்.

கீழே இருபத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

மறுநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். "தமிழ் நல்லா எழுதறம்மா" என்றார். குத்திச் சொன்னாரா என்று இன்று வரை தெரியவில்லை...

பிறகு சொன்னார். தினமும் காலை ஆறரைக்கு ஹாம் ரேடியோக்காரர்கள் ஐம்பது பேர் ஒரே அலைவரிசையில் வருவார்கள். ஒருவர் வரிசையாகக் கூப்பிடுவார். பதில் வராத ஆளுக்கு உடனே போன் போகும். போனையும் எடுக்காவிட்டால் அந்த ஊர்ப் பக்கம் யாரையாவது நேரில் அனுப்புவார்கள்.

"போன மாசம் ஜுரத்துல ஒரு நாள் போகல. அரை மணி நேரத்துல வேலூர்லேருந்து போன் வந்துடுச்சு. இன்னா சிஸ்டர், உசுரோட இருக்கிறியான்னு." சிரித்தார். "இங்க எனக்கு வேற யாரும்மா இருக்காங்க? அந்தக் கம்பிதான்."

"வாட்ஸ்அப்ல ஒரு குட்மார்னிங் போட்டா போதாதா சிஸ்டர்?"

"அதுக்கு பதில் வரலன்னு யாராவது தேடுவாங்களாம்மா?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, லைசென்ஸ் சரியாக இருக்கிறது, கம்பமும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு தெரு சிஸ்டரோடு பேசுவதை நிறுத்தியது. பொங்கலுக்கு யாரும் அவர் வீட்டுக்குத் தட்டு கொண்டுபோகவில்லை. நாங்களும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஆள் வைத்துக் கம்பத்தை இறக்கினார். காலை வரிசையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். "சண்டை வேணாம்மா. தெனம் மூஞ்சியப் பாக்கணும் இல்ல."

செவ்வாய் காலை ஆறரைக்கும் யாரோ ஒருவர் வரிசையாகக் கூப்பிட்டிருப்பார். எல்லோரும் பதில் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் போன் போயிருக்காது.

எவ்வளவு நேரம் தட்டினார் என்று தெரியவில்லை. எந்தச் சத்தம் தறி, எந்தச் சத்தம் அவர்... பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முடியவில்லை. அப்பா இன்றும் நெய்கிறார். திங்கட்கிழமைக்குள் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டுமாம். அந்த அறைப் பக்கம் என்னால் போக முடியவில்லை.

நேற்று முசரவாக்கத்தில் அடக்கம். அவருடைய தங்கை அங்கே இருக்கிறார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீயாவது பாத்தியேமா. அந்தத் தெருவுல அக்காவுக்கு நீ ஒருத்திதான்." கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

சிஸ்டர்... தூங்குங்கள். வேறு எதையும் உங்களிடம் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

இதை எழுதி முடித்ததும் சிஸ்டரின் தங்கைக்கு போன் செய்தேன். மனுவை எழுதியது நான், சத்தம் கேட்டும் எழுந்து போகாதது நான் என்று சொன்னேன். பிறகு, சத்தம் கேட்டது என்று சொல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.