மச்சாள் சொல்லாத வாக்குமூலம்

நான் குற்றவியல் நீதி படிக்கிறேன், அதிலும் இணையப் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், வட்டுக்கோட்டையில் எங்கள் சொந்தக்காரர் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "பொலிசிலை சேரப்போறியோ பிள்ளை? ஆர் உன்னைக் கட்டுவினம்?" மற்றது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ரை மகன்ரை வட்ஸ்அப்பை அவனுக்குத் தெரியாமல் பாக்கேலுமோ?" அடுத்தவருடைய போனுக்குள் புகுவது குற்றம் என்பதைத்தான் தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாகப் படிக்கிறேன் என்று விளக்கினால் முகம் சுருங்கிவிடும். "அப்ப என்னத்துக்கு உந்தப் படிப்பு?"

சென்ற வருடம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலை, தெல்லிப்பழையிலிருந்து மச்சாள் அழைத்தாள். என் மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், முன்பள்ளி ஆசிரியை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "கெதியாய் வாடி" என்றாள்.

நான் போனபோது கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். போனைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினாள். யாரோ அவளுடைய பெயரில் முகநூலில் ஒரு போலிக் கணக்குத் திறந்திருந்தார்கள். அவளுடைய முகத்தை வேறு யாரோ பெண்ணின் உடலோடு ஒட்டி, நிர்வாணப் படங்களாகப் போட்டிருந்தார்கள். கீழே அவளுடைய தொலைபேசி இலக்கம். விடிந்ததிலிருந்து முன்பின் தெரியாத ஆண்கள் அழைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பள்ளிப் பெற்றோரின் வைபர் குழுவுக்கும் படம் போய்விட்டது.

"உதை இப்பவே அழி. உனக்கு ஏலும்தானே?"

"அழிக்கக்கூடாது மச்சாள். அழிச்சால் சாட்சி இல்லாமல் போயிடும். எனக்கு ஒரு அரை மணித்தியாலம் தா."

"அரை மணித்தியாலமோ? உன்னை ஆரும் உப்பிடிப் பாத்தால் பொறுப்பியோ?"

வகுப்பில் இதைப் படித்தபோது சுலபமாக இருந்தது. சாட்சியத்தைக் காப்பாற்று, இணைப்பு முகவரியைக் குறித்துக்கொள், நேரம் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடு. பக்கத்தில் ஒருத்தி முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழும்போது அதைச் செய்வது எப்படி என்று எந்த விரிவுரையிலும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு படத்தையும் பதிந்தேன். வேலை முடிந்ததும் கணக்கைப் பற்றி முகநூலுக்கு முறையிட்டோம். அடுத்த நாள்தான் அது மறைந்தது.

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் யாரும் மாற்றியிருக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, புதிதாகத் தைத்த சட்டையின் கை அளவைப் பார்க்க அவள் எடுத்த படம். "இதை ஆருக்கும் அனுப்பினனீயோ?" என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. எங்கும் போடவுமில்லை. எப்போது எடுத்தாள்? போனின் கண்ணாடி உடைந்து றிப்பேருக்குக் கொடுத்த அன்று காலை. சந்தியில் இருக்கும் கடை. திருத்திய பிறகு சரிபார்க்க வேண்டும் என்று கடைக்காரன் பூட்டைத் திறக்கும் இலக்கத்தையும் கேட்டு வாங்கியிருந்தான். ஐந்தாம் நாள் போலிக் கணக்குத் திறக்கப்பட்டிருந்தது.

மாமாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். "மாமா, கடைப்பக்கம் போகாதேங்கோ. அவனுக்கு இப்ப தெரியக்கூடாது."

அன்று மத்தியானமே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். முன்மேசையில் இருந்தவர் மச்சாளை நின்ற நிலையிலேயே விசாரித்தார். அடையாள அட்டை தொலைந்துபோன முறைப்பாட்டுக்கு வந்த ஒருவரும், காணிச் சண்டைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே ஒருவரிடம். பிறகு இன்னொருவரிடம். பாதிக்கப்பட்டவரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இரண்டாம் தரம் காயப்படுத்துவது என்று நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அங்கே மூன்றாம் தரமும் சொல்லவைத்தார்கள்.

மூன்றாவது அதிகாரி தமிழில் ஓரளவு பேசினார். கோபக்காரர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். "ஏன் நங்கி இப்பிடிப் படம் எடுக்கிறது? பொம்பிளைப் பிள்ளை கவனமா இருக்கணும்தானே" என்று தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

மச்சாள் தலையைக் குனிந்தாள். முழுக்கைச் சட்டை போட்ட ஒரு படம். அதற்காகக் குனிந்தாள்.

அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். மச்சாள் பேனாவை எடுத்துவிட்டாள். அதுவரை இரண்டு வருடம் தெற்கில் இருந்ததில் எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். "ஒருக்கால் பொறு" என்று புத்தகத்தை இழுத்தேன்.

முறைப்பாட்டாளர் தன் ஆண் நண்பருக்கு விருப்பத்தோடு படங்களை அனுப்பியதாகவும், உறவு முறிந்த பிறகு அவர் அவற்றை வெளியிட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. றிப்பேர்க் கடை பற்றி ஒரு வரி இல்லை.

"இதை அவ சொல்லேல்லையே" என்றேன் சிங்களத்தில். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஆண் நண்பர் எங்கிருந்து வந்தவர்?"

அவர் சங்கடப்பட்டதாகவே தெரியவில்லை. "எல்லாக் கேசும் இப்பிடித்தான் நங்கி. கடைசியில ஒரு பெடியன் இருப்பான்."

நான் கத்தினேன் என்று மச்சாள் பிறகு சொன்னாள். எனக்கு அது ஞாபகமில்லை. தமிழில் எழுதும்வரை கையெழுத்து இல்லை, அது அவளுடைய உரிமை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நீங்க லோயரா?" என்று கேட்டார். "இல்லை, படிக்கிறன்" என்றேன். சிரித்தார். ஆனாலும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் இருந்தோம். அவள் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. வாசித்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் யோசித்தது இதுதான். எனக்கு மட்டும் சிங்களம் தெரிந்திராவிட்டால், அவள் சொல்லாத ஒரு கதை அவளுடைய வாக்குமூலமாக நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். எத்தனை பெண்கள் அப்படிக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்தால், மாமா இல்லை. நாங்கள் பொலிசில் இருந்த நேரத்தில் கடைக்குப் போய்க் கத்திவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவருடைய சமாதானத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"பெத்த தேப்பன், என்னெண்டு பாத்துக்கொண்டிருக்கிறது?"

"நீங்கள் கத்தினது அவனுக்குத்தான் உதவி மாமா."

சொன்னபடியே நடந்தது. சில நாள் கழித்துப் பொலிஸ் கடைக்குப் போனபோது அவனுடைய கணினி புதிதாக வாங்கியதுபோல வெறுமையாக இருந்தது. மாமா அதற்குப் பிறகு பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைத் தேற்றவில்லை. தேற்றியிருக்கலாம்.

முன்பள்ளி நிர்வாகம் மச்சாளை அழைத்து, "பிரச்சினை முடியுமட்டும் வீட்டிலை நில்லும் பிள்ளை, தாய் தேப்பன்மார் ஒரு மாதிரிக் கதைக்கினம்" என்றது. படத்தைப் பரப்பியவர்கள் அந்தத் தாய் தகப்பன்மாரில் சிலர். அவர்களை யாரும் வீட்டில் நிற்கச் சொல்லவில்லை.

நாங்கள் பதிந்து வைத்த இணைப்புகளைக் கொண்டு மாதக்கணக்கில் கடிதம் எழுதி, நீதிமன்ற உத்தரவு பெற்று, போலிக் கணக்கு எந்தத் தொலைபேசி இலக்கத்தில் திறக்கப்பட்டது என்ற விபரம் கடைசியில் வந்தது. கடைக்காரனின் இலக்கம். சிம் தொலைந்துபோனது என்கிறான். வழக்கு நடக்கிறது. இதுவரை நாலு தவணை போட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மச்சாள் லீவு எடுத்துப் போய், அவன் இருக்கும் அதே வராந்தாவில் காத்திருக்கிறாள். இப்போது வேறொரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அங்கே தலைமை ஆசிரியையிடம் முதல் நாளே எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாள்.

போன மாதம் ஊருக்கு வந்து தெல்லிப்பழைக்குப் போனபோது, மச்சாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தியின் போனைக் காணவில்லை. சார்ச் ஏறவில்லை என்று திருத்தக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"சந்திக் கடையிலைதான். என்ன இருந்தாலும் உவன் வேலையிலை கெட்டிக்காரன் பிள்ளை. கிட்டவும் கிடக்கு."

நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் சைக்கிளை எடுத்தேன். கடையில் மூன்று பேர் தங்கள் போன்களோடு நின்றார்கள். பூட்டு இலக்கங்களைச் சிறு துண்டுகளில் எழுதி, ஒவ்வொரு போனின் பின்புறமும் ஒட்டியிருந்தான். சித்தியின் போனை அவன் மேசையிலிருந்து நானே எடுத்தேன். நின்ற மூன்று பேரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.