நடுத் தட்டுத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் குளியலறையில் பேரன் ஷவர் மாட்டியிருக்கிறான். நேற்று அதனடியில் நிற்கும்போது மருமகள் கதவைத் தட்டினாள். என்னையறியாமல் "ஆளு இருக்குது, நில்லு!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் ஒரே சிரிப்பு. அந்த ஷவரில் ஒரு குறை உண்டு. தண்ணீர் தலையில் விழுகிறது, அடிக்க மாட்டேனென்கிறது. அடித்தால்தானே குளியல்!

எங்கள் அருவி அடிக்கும். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே, மலை ஏறுகிற இடத்தில் மூன்று தட்டாக விழும். மேல் தட்டு நூல் மாதிரி. நடுத் தட்டு பெண்கள் குளிக்க. கீழ்த் தட்டில் துணியும் மாடும். நடுத் தட்டுக்குத் திரும்புகிற இடத்தில், குளிப்பவர்களை மறைத்தபடி ஒரு முட்டுப்பாறை. ஆண்பிள்ளை எவரானாலும் அங்கே நின்று, "தண்ணியில ஆளுங்களா?" என்று கேட்க வேண்டும். "இருக்குது" என்று குரல் வந்தால் தலையை நீட்டக்கூடாது. யார் போட்ட சட்டமோ, மீறியவரை நான் பார்த்ததில்லை.

அது வெள்ளைக்காரன் காலம், நான் பள்ளிக்கூடம் போகிற வயது. காட்டை ஊரார் நுழையக்கூடாத ரிசர்வ் ஆக்கினார்கள். துரை சங்கிலி பிடித்து அளந்து எல்லைக்கல் நடப் போகிறார், அருவி முழுக்க உள்ளே போய்விடும் என்று சேதி வந்தது. கோடையில் எங்கள் கிணறுகள் வற்றிவிடும். அருவியும் போனால் குடத்தோடு எங்கே போவது? ஆண்கள் மனுப் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். என் சின்னம்மா மஞ்சளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, "வாங்கடி, குளிக்கலாம்" என்றாள்.

விடிந்ததுமே போய் நடுத் தட்டில் உட்கார்ந்துவிட்டோம். துரையின் சங்கிலி அந்த வழியாகத்தான் போக வேண்டும். காட்டைக் காக்கிற கார்டு ரங்கன் எங்கள் ஊர்க்காரர். முட்டுப்பாறையில் நின்று கேட்டார்.

"ஏனுங்கக்கா, தண்ணியில ஆளுங்களா?"

"இருக்குது ரங்கா!" என்றாள் சின்னம்மா.

"துரை வந்துட்டாருங்க. செத்த எந்திரிங்க."

"அவசரம்னா ஊட்டுக்குப் போயி வாளியில ஊத்திக்கச் சொல்லு!"

உச்சிவெயில் வரை இதே கதை. சின்னம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மற்றவர்களுக்குக் குளிரில் பல் கிட்டிப் பேச்சே வரவில்லை. ரங்கன் மறுபடி கேட்டார். பதில் இல்லை. பூட்ஸ் சத்தம் நகர்ந்து வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானோ, ஆண்குரல் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போகிறவள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்வாள். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்:

"ஆளு இருக்குது, நில்லு!"

மூன்று தட்டிலும் மோதித் திரும்பியது. ரங்கன் குறுக்கே கையை நீட்டி, "பொம்பளைங்க துரை" என்றாராம். பூட்ஸ் நின்றது. துரை மேட்டு வழியாகச் சுற்றி ஏறி, மேல் தட்டோரம் கல்லை நட்டுவிட்டுப் போனார். கீழே இரண்டு தட்டும் எங்களுக்குத் தங்கின.

இப்போது மூன்றும் பூங்காவுக்குள். குளிக்கத் தடை என்று பலகை. முட்டுப்பாறையை ரோட்டுக்காக வெடிவைத்து உடைத்துவிட்டார்கள். அங்கே நின்று கேட்கிற ஆளும் இல்லை. போன மாதம் பேரன் கூட்டிப்போனான். நான் கம்பியைத் தாண்டிக் காலை வைத்ததும் காக்கிச்சட்டைப் பையன் விசில் ஊதினான்.

"பாட்டி, தண்ணிக்குள்ள யாரும் போகக்கூடாதுங்க!"

"ஏற்கெனவே ஆளு இருக்குது சாமி, நில்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த காலையும் வைத்தேன்.