சனி வேஷத்துக்கு ஆள் தேவை

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கம்யூனிட்டி ஹாலில் ஒரு விழா நடத்துவோம். இந்த முறை பிள்ளைகளுக்கான நாடகம் என் தலையில் விழுந்தது. சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்களும் வந்து, ஆளுக்கு நாலு வரி தமிழில் பேசிவிட்டுப் போகும். எழுதியதும் நான், இயக்கியதும் நான். அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதுவதைத் தவிர வேறெதுவும் எழுதாதவனுக்கு இப்படி ஓர் ஆசை வந்திருக்கக் கூடாது.

முதல் ஒத்திகையில் பிள்ளைகளின் கூச்சம் போக ஒரு விளையாட்டு வைத்தேன். கோள் என்றதும் மனதில் வரும் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். "ரிங்", "ராக்கெட்", "ரோவர்", "ஏலியன்" என்று கத்தினார்கள். ஒரு வாண்டு "புளூட்டோ பாவம்" என்றது. அழைத்துவந்த பெற்றோர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா, அவர்களையும் கேட்டேன்.

"பெயர்ச்சி."

"தோஷம்."

"பரிகாரம்."

"எள் விளக்கு."

"ஏழரை."

சுற்றுப்பாதை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மத்திய அரசில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் நன்றாக யோசித்து, "டிரான்ஸ்பர்" என்றார். அவர் பட்ட பாடு அப்படி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்ததற்கான பலன் வேஷம் பிரிக்கும்போது கிடைத்தது. வியாழனுக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். குரு பார்வை நல்லதாம். செவ்வாய் என்றதும் ஓர் அம்மா எழுந்து ஓடிவந்தார். "சார், பொண்ணு சார். நாளைக்குக் கல்யாணப் பேச்சுன்னு வரும்போது செவ்வாய் கிவ்வாய்னு எதுக்கு?" கல்யாணப் பெண்ணுக்கு விழுந்த முன்பல் இன்னும் முளைக்கவில்லை. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் அடிதடியே நடந்தது. கோயிலில் நவக்கிரக மேடையில் இடம் கிடைக்காத இந்த இருவராலும் இதுவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

சனிக்கு மட்டும் ஆளில்லை.

இத்தனைக்கும் நாடகத்திலேயே நல்ல வேஷம் அதுதான். சாந்தினி சௌக் வரை போய் வெள்ளி ஜரிகை வாங்கி, பெரிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றில் நானே உட்கார்ந்து சுற்றியிருந்தேன். இடுப்பில் மாட்டிக்கொண்டால் தகதகவென்று மின்னும். அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய அப்பா ஒருவர், "பையனுக்கு சளி சார்" என்று நழுவினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது, இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் காலத்தில் இப்படியா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது என் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, நான் சனி பண்றேன். எனக்கு அந்த ரிங் வேணும்."

பத்து வயது. மகர ராசி. ஏழரை முடிந்து எத்தனை மாதம் என்று என் விரல் தானாக எண்ணியது. ஆனால் சொற்பொழிவின் சூடு இன்னும் ஆறவில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சபாஷ்" என்றேன்.

வீட்டில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

"ஏங்க, இவளுக்கு இப்பத்தான் ஏழரை முடிஞ்சுது. டைஃபாய்டு வந்தது, கை உடைஞ்சது, எல்லாம் மறந்துபோச்சா? வாசல் தாண்டிப் போனவரைக் கூப்பிட்டு யாராவது நடுவீட்டுல உக்கார வெப்பாங்களா?"

"நாடகம்தானே..."

"அப்ப நீங்களே மாட்டிக்கிட்டு ஆடுங்க."

அவள் வங்கி அதிகாரி, கணக்கில் புலி. சனி விஷயத்தில் மட்டும் அவள் கணக்கு வேறு. மகள் அழவில்லை. வளையத்தைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

"அம்மா, எல்லாரும் வேணாம் வேணாம்னு சொன்னா சனிக்கு புரா லகேகா இல்ல? அவருக்கு ஒரு ஃபிரெண்டுகூட இல்ல."

மனசு கஷ்டப்படும் என்பதற்கு அவளுக்குத் தமிழ் வரவில்லை. ஆனால் அம்மாவுக்குப் புரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, "பண்ணு. ஆனா நான் பாக்க வரமாட்டேன். அதைக் கண்கொண்டு பாக்க என்னால முடியாது" என்றாள். வேஷம் கிடைத்துவிட்டது, மகள் முகத்தில் பாதிச் சிரிப்புதான் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஒத்திகை முடிந்து திரும்பும்போதும், "அம்மா நெஜமாவே வரமாட்டாங்களாப்பா?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? "பாக்கலாம்" என்பேன்.

விழா அன்று நல்ல பனிமூட்டம். சூரியனுக்குப் பக்கத்தில் கொதிக்க வேண்டிய புதன், ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாக வந்து, "எனக்கு ரொம்ப சூடு" என்றான். ஹால் அதிர்ந்தது. ஒவ்வொரு கோளும் வந்துபோக, கடைசியில் கருநீலச் சட்டையும் வளையமுமாக என் மகள் வந்தாள். முன்வரிசையில் நாலைந்து பேர் தம்மையறியாமல் கும்பிட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர்களும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களும் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். கோயிலில் சனிக்கு நேர் எதிரே நின்று கும்பிடக் கூடாது, சற்று ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது நம்மவர்கள் வழக்கம். அது கம்யூனிட்டி ஹாலுக்கும் செல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. மேடைக்கு நேர் எதிரே யாருமே இல்லை.

மகள் பேசவில்லை. அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பக்கத்திலிருந்து நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அப்போது பின்கதவு திறந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தாள். நடுவழியில் நேராக நடந்துவந்து, மேடைக்கு எதிரே, சனிக்கு நேருக்கு நேர் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நான்தான் சனி! மெதுவாத்தான் வருவேன்!" என்று மகள் போட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது. நாலு வரியையும் ஒரு இந்தி வார்த்தை கலக்காமல் சொல்லிவிட்டு, வளையத்தை ஒரு சுழற்று சுழற்றினாள். நான் எழுதிய நாடகத்தில் அந்தச் சுழற்று இல்லை, ஆனால் கைதட்டல் அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொன்னாள். வளையத்தோடு நின்ற மகளை எட்டிப்பிடித்து, ஊர்க்கண், உறவுக்கண் என்று முணுமுணுத்தபடி சுற்றினாள்.

"சனிக்கே திருஷ்டியா?" என்றேன்.

"சும்மா இருங்க. எம்பொண்ணு இன்னிக்கு இருந்த அழகுக்கு எத்தனை கண்ணு பட்டுச்சோ!"

அடுப்பில் போட்ட மிளகாய் படபடவென்று வெடித்தது. திருஷ்டி அதிகம் இருந்தால் நெடி வராது என்பது அவள் நம்பிக்கை.

"பாத்தீங்களா, நெடியே இல்ல" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் இருமலை அடக்கிக்கொண்டு, "ஆமா, கொஞ்சங்கூட இல்ல" என்றேன்.