சோணைமுத்து தலையாரி இறந்த இடம்

சோணைமுத்து இறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. புதைத்த இடத்தில் புல் முளைத்து ஆடும் மேய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் எந்த ஊரில் இறந்தார் என்று எழுதிக் கொடுக்க ஓர் அலுவலகமும் முன்வரவில்லை. ஊர் ஊராக எல்லை காட்டிக்கொண்டு திரிந்தவருக்கு இந்தக் கதி என்றால் வேறு யாரை நொந்துகொள்வது?

கான்சாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருபத்தாறு வருஷம் தலையாரியாக இருந்தார். அரசாங்கத் தாளில் கிராம உதவியாளர் என்று போடுவார்கள். வி.ஏ.ஓ.க்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஊரைத் தெரிந்து வைத்திருந்தது சோணைமுத்துதான். சர்வேயர் வந்தால் முன்னால் நடப்பார். கருவேலம் புதருக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலால் தடவி, "இந்தா இருக்கு சார்" என்பார். அடியில் எல்லைக்கல் இருக்கும். ஒரு தடவைகூட இல்லாமல் போனதில்லை.

அவர் மனைவி வெள்ளைத்தாய்க்கு இந்த எல்லைப் பைத்தியம் கல்யாணமான மறு வாரமே தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனார்கள். புது மாப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அவள் மணிக்கட்டில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டினார். என்னமோ ஆசையாகச் சொல்லப்போகிறார் என்று அவள் வெட்கத்தோடு திரும்பினாள்.

"ஏட்டி, நம்ம ஊராட்சி முடிஞ்சிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த ரோட்டில் போனார்களோ, அத்தனை தடவையும் ஒவ்வோர் எல்லையிலும் அந்த ரெண்டு தட்டு விழுந்தது. இந்தா பேரூராட்சி வந்திருச்சு. இந்தா ஒன்றியம் மாறுது. ஊர்க்காரர்கள் கண்ணுக்கு ஒரே ரோடு, ரெண்டு பக்கமும் அதே தென்னை, அதே வயல். அவர் கண்ணுக்கு மட்டும் குறுக்கே கோடு கோடாகக் கிடந்தது.

"அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு வேப்பங்கா இனிக்குமோ?" என்று வெள்ளைத்தாய் கேலி பண்ணுவாள்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவார். நிலத்துக்கு ஒரு வரிசை: கிராமம், அதற்கு மேல் பிர்கா, அதற்கு மேல் தாலுகா. தெருவிளக்குக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வேறு வரிசை: ஊராட்சி, ஒன்றியம், பெரிய ஊராக இருந்தால் பேரூராட்சி, நகராட்சி. "ஆளு ஒருத்தன்தான் தாயி. ரெண்டு வீட்டுக்கும் பதில் சொல்லணும்" என்பார். வத்திராயிருப்பைத் தனித் தாலுகாவாகப் பிரித்தபோது மனிதர் ஒரு வருஷம் தூங்கவே இல்லை என்று சொல்லலாம். பழக்கதோஷத்தில் பழைய தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறுகிறவர்களைப் பஸ் நிறுத்தத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கறார் ஆள். உள்ளூர்ப் பாலம்மாளின் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த கிராமத்தில். இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் ஒரே நாளில் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று பாலம்மாள் அழுதாள். சோணைமுத்து முடியாது என்றுவிட்டார். அன்றைக்கு வெள்ளைத்தாய் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒரு வாய்க்கா தூரம். எழுதுனாத்தான் என்ன, கை தேஞ்சா போயிரும்?"

"செத்த எடத்தை மாத்தக்கூடாது ஏட்டி. இன்னைக்கு நான் வாயால மாத்துனா நாளைக்கு எவனாச்சும் கல்லையே மாத்திருவான்" என்றார். சொன்னதோடு விடவில்லை. தன்னுடைய டி.வி.எஸ்ஸில் பாலம்மாளைப் பின்னால் உட்கார வைத்து நாலு நாள் அடுத்த ஊர் ஆபீசுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு அப்படி வழி தெரிந்து அலைய ஒருவரும் இல்லாமல் போனது.

சித்திரை வெயிலில் காலை முழுக்க ஒரு தகராறு நிலத்தை அளந்துவிட்டு வந்து படுத்தார். வேர்த்துக் கொட்டியது. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். 108-க்குப் போன் போட்டால் வண்டி வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டுச் சமுத்திரம் தேங்காய் ஏற்றும் குட்டியானை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான்.

"செத்த நேரம் படுத்தாச் சரியாப் போயிரும். என்னய வீட்டுலயே விடு" என்றார் சோணைமுத்து.

வெள்ளைத்தாய் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? தோளில் கை கொடுத்துத் தூக்கி, சாக்கு விரித்து வண்டியில் ஏற்றினாள். "எறக்கி விடு தாயி" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அவர் வாய் திறந்து பேசியது அதுதான் கடைசி.

தலை அவள் மடியில் இருந்தது. ஊர் எல்லை தாண்டும்போது அவர் கண்ணைத் திறக்காமலே அவள் மணிக்கட்டில் ரெண்டு தட்டுத் தட்டினார். வெள்ளைத்தாய்க்கு உயிர் வந்தது. எல்லை தெரிகிறது என்றால் புத்தி தெளிவாக இருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். வத்திராயிருப்பு தாண்டும்போது ஒரே ஒரு தட்டு விழுந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி. அடுத்த எல்லை ஓடைப்பாலம். அதைத் தாண்டினால் ஒத்தப்பனைக்குளம் கிராமம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா. அவர் ஒரு நாளும் விட்டதே இல்லாத எல்லை அது. பாலம் வந்தது. வண்டி குலுங்கித் தாண்டியது. அவள் மணிக்கட்டை அவர் விரலடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

ஒத்தப்பனைக்குளத்துக்கு ரோடு பிரியும் விலக்கில் வண்டியின் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கி அவர் வாயில் ஊற்றினாள். அது கடைவாய் வழியாக இறங்கிச் சாக்கை நனைத்தது. சமுத்திரம் எட்டிப் பார்த்து, "அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்றான்.

"குடிச்சாருப்பா. நீ சீக்கிரம் போ" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சீட்டில் எழுதினார்: கொண்டுவரும் வழியிலேயே உயிர் பிரிந்துள்ளது, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்த மகள் அனுசியா பாதி ஷிப்டில் ஓடி வந்து சேர்ந்தாள். முதலில் கேட்டது, "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

பிள்ளையின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? "சோடா ரெண்டு மடக்குக் குடிச்சாருத்தா. ஒன்னையத்தான் கேட்டாரு. அனுசியா சாப்பிட்டாளான்னாரு."

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அனுசியா அதைத்தான் சொல்லி அழுதாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கு ஊன்றுகோலாகிவிட்டது. வெள்ளைத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வாள்.

வேலையில் இருக்கும்போது இறந்தவர் என்பதால் கருணை அடிப்படையில் மகளுக்கு அரசு வேலை கேட்கலாம். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். இறப்பை இறந்த ஊரில்தான் பதிய வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொண்டது.

சொந்த ஊர் வி.ஏ.ஓ. சங்கரலிங்கம் சோணைமுத்துவோடு ஏழு வருஷம் வேலை பார்த்தவர். கண் கலங்கத்தான் பேசினார். "வீட்டுல எறந்தாருன்னு எழுத எனக்கும் ஆசதான் தாயி. ஆஸ்பத்திரிச் சீட்டுல வழியிலன்னு போட்டிருக்கே. நாளைக்கு வேலை மனுவுல ரெண்டு தாளும் முட்டும்." ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி ஆபீசில், அரை மணி நேரத்துக்கு முன்பே உயிர் போயிருந்தால் எங்கள் எல்லையில் வராது என்றார்கள். ஓடும் வண்டியில் உயிர் போனால், அதற்குப் பிறகு வண்டி முதலில் எந்த ஊரில் நின்றதோ அந்த ஊரில் பதிய வேண்டும், அதுதான் விதி என்றும் சொன்னார்கள். அனுசியா ஒத்தப்பனைக்குளத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அங்கே, விலக்கில் வண்டி நின்றபோது அவர் சோடா குடித்தார் என்று நீயே சொல்கிறாய், அப்படியென்றால் எங்கள் எல்லையில் அவர் உயிரோடுதானே இருந்தார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் சரி. சரியாகவே சொல்லிச் சொல்லி ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டார்கள்.

கடைசியில் அனுசியா ஒரு முடிவுக்கு வந்தாள். டாக்டர் தப்பாக எழுதிவிட்டார். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுப்பது, சீட்டைத் திருத்த வைப்பது. "எங்கப்பா சோடா குடிச்சு, என்னையக் கேட்டிருக்காரு. அதுக்கு முந்தியே செத்துட்டாருன்னு எழுத அந்த டாக்டருக்கு எப்பிடி மனசு வந்துச்சு?" என்றாள். மனுவைத் தட்டச்சு செய்தும் வாங்கிவிட்டாள். அதைப் படித்துக் காட்டியபோது வெள்ளைத்தாய் தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"மனு கெடக்கட்டும். நாளைக்கு ஒருக்கா ஒத்தப்பனைக்குளத்துக்கு நானும் வாரேன்" என்றாள்.

ஒத்தப்பனைக்குளம் வி.ஏ.ஓ. வெங்கடேஸ்வரி என்கிற சின்ன வயதுப் பெண். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அனுசியா பழையபடி ஆரம்பித்தாள். வெள்ளைத்தாய் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு." வி.ஏ.ஓ. பக்கம் திரும்பினாள். "தாயி, எழுதிக்கோ. எங்க ஊர் எல்லையில அவிய ரெண்டு தட்டு தட்டுனாக. வத்திராயிருப்பு தாண்டும்போது ஒரு தட்டு. ஓடைப்பாலத்துல தட்டல. இத்தன வருசத்துல அந்தப் பாலத்துல அவிய தட்டாம வந்ததே இல்ல. பாலத்துக்கு முந்தியே உசிரு போயிருச்சு. பொறவுதான் ஒங்க விலக்குல வண்டி நின்னுச்சு. மொதல்ல நின்னதும் அங்கதான்."

வெங்கடேஸ்வரிக்குப் பாதிதான் புரிந்தது. அனுசியாவுக்கு முழுதும் புரிந்தது. சின்ன வயதில் பஸ்ஸில் அப்பா மடியில் உட்கார்ந்து அந்தத் தட்டை வாங்கியவள் அவள்.

"அப்போ சோடா?"

"ஊத்துனேன். உள்ள எறங்கல."

"என்னையக் கேட்டாருன்னு சொன்ன?"

வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "கேக்கலத்தா. வீட்டுலயே விடுன்னாரு. எறக்கி விடு தாயின்னாரு. நாந்தான் எறக்கி விடல."

அனுசியா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெங்கடேஸ்வரி எழுதி முடித்தாள். சமுத்திரத்திடமும் பெட்டிக்கடைக்காரரிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும், தாமதமாகப் பதிவதால் தாசில்தார் உத்தரவும் வேண்டும், எப்படியும் ஒரு மாதத்தில் சான்றிதழ் வந்துவிடும் என்றாள். வெள்ளைத்தாய் கையெழுத்துப் போட்டாள். புருஷன் வீட்டில் சாகக் கேட்டார், ரோட்டில் செத்தார் என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று. செத்த இடத்தை அவள் மாற்றவில்லை. அவர் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை, இன்னும் வலித்தது.

ஊருக்கு பஸ் ஏற விலக்குக்குத்தான் வர வேண்டும். அதே பெட்டிக்கடை. அனுசியா வேப்பமர நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மனுவை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். வெகுநேரம் பஸ் வரவில்லை.

திரும்பாமலே கேட்டாள். "சமுத்திரம் மாமா சொன்னாரு, இங்கயிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நீ பேசிக்கிட்டே வந்தியாம். அதனாலதான் அவரும் அப்பா இருக்காருன்னு நெனச்சாராம். யாருகூடம்மா பேசிக்கிட்டு வந்த?"

"ஒங்கப்பாகூடத்தான்."

"என்ன பேசுன?"

வெள்ளைத்தாய் ரோட்டைப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அது நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"அவியளாலதான் சொல்ல முடியலையே. எனக்குத் தெரிஞ்ச மட்டும் நான் சொல்லிக்கிட்டு வந்தேன். இந்தா ஊராட்சி முடிஞ்சிருச்சு, இந்தா நகராட்சி வந்திருச்சுன்னு. ஒவ்வொண்ணுக்கும் அவிய கையில ரெண்டு தட்டு தட்டுனேன்."

அனுசியா வந்து பக்கத்தில் நின்றாள். பஸ் வரும்வரை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.